தலைகீழாகத் தூங்கிய கிளி

எங்கள் வீட்டில் ஆறு வருஷம் ஒரு கிளி இருந்தது. அந்த ஆறு வருஷத்தில் அது ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. கேட்பவர்கள் சிரிப்பார்கள். பேசாத கிளியை எதற்கு வாங்கினீர்கள் என்பார்கள். பேசாது என்று தெரிந்துதான் வாங்கினோம் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். அந்தக் கிளி வந்திருக்காவிட்டால் நான் வேறொரு ரப்பர்த் தோட்டத்தில் அண்ணன் வீட்டு அடுப்பங்கரையில் காலம் தள்ளியிருப்பேன். அது எனக்கும் தெரியும், என் வீட்டுக்காரருக்கும் தெரியும்.

மலாயாவில், ஜொகூர்க் கடலில் கல்லைக் கொட்டிப் பாலம் போட்டு, சிங்கப்பூருக்கு ரயில் விட்டு நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம். எனக்குப் பத்தொன்பதோ இருபதோ வயது. தை பிறந்ததும் ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும். முதலில் பச்சை பழுத்துச் சிவப்பாகும், பிறகு மொத்தத் தோட்டமும் ஒரு வாரத்துக்குச் செம்பு நிறமாக நிற்கும். பிறகு காற்றே இல்லாமல் இலைகள் இறங்கிக்கொண்டிருக்கும். அந்த வருஷத்து இலையுதிர்வை நினைத்தால் இப்போதும் எனக்கு எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடந்தது போலத்தான் தோன்றுகிறது. சத்தமே நினைவில் இல்லை. இலை இறங்குவது மட்டும்தான் தெரிகிறது.

சத்தம் இல்லாததற்குக் காரணம் நான்தான். நான் என் வீட்டுக்காரரோடு பேசுவதை நிறுத்தி ஐந்து மாதம் ஆகியிருந்தது.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். மறைக்க ஒன்றுமில்லை. என் காலில் இரண்டாவது விரல் கட்டைவிரலைவிட நீளம். அப்படி இருக்கிற பெண் புருஷனை அடக்கி ஆளுவாள் என்று எங்கள் சனங்கள் சொல்வார்கள். என்னைப் பெண் கேட்டு வந்த அன்று அவர்கள் பக்கத்துப் பெண்கள் என் முகத்தைப் பார்த்ததைவிடக் காலைப் பார்த்ததுதான் அதிகம். அண்ணன் அவசரமாக என் முன்னால் ஒரு சொம்பை நகர்த்தி வைத்து விரலை மறைத்தான். அவர் அதைப் பார்த்துவிட்டார். கல்யாணமாகி ஒரு மாதம் கழித்துத்தான், "சொம்புக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் அப்படித்தான். தெரிந்ததை உடனே சொல்லமாட்டார். அதுதான் பிறகு வினையாகிவிட்டது.

முந்தின ஆவணியில் எனக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. மாதம் நிறையவில்லை. பிறந்தபோதே உயிர் இல்லை என்றார்கள். எனக்குக் கடும் காய்ச்சல். கண் திறந்து பார்த்தபோது வீடு கழுவி விடப்பட்டிருந்தது. வாசலில் அவர் ஈரத்தோடு நின்றார். ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த இடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை. அவரே தூக்கிக்கொண்டு போய் மண்ணில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "முகம் எப்படி இருந்துச்சு?"

"அதெல்லாம் எதுக்கு இப்ப" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போய்விட்டார்.

மருத்துவச்சியும் வாயைத் திறக்கவில்லை. போன குழந்தையின் முகத்தைத் தாய்க்குச் சொன்னால் அடுத்தது தங்காது என்பது அவள் சாத்திரம். எவள் எழுதி வைத்த சாத்திரமோ. பத்து நாளில் அவளும் மகன் வீட்டோடு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டாள். அதன்பின் என் பிள்ளையின் முகம் இந்த உலகத்தில் ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. அவர் அதை எனக்குத் தராமல் வைத்துக்கொண்டிருந்தார். என்ன நெஞ்சழுத்தம் இருந்தால் அப்படி வைத்துக்கொள்ளத் தோன்றும்? தருகிற வரை இந்த மனுஷனோடு ஒரு பேச்சுக் கிடையாது என்று நான் முடிவு கட்டினேன்.

ஒரு வீட்டுக்குள் இருந்துகொண்டு எப்படிப் பேசாமல் இருப்பது? மற்ற வீடுகளில் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வந்தால் பிள்ளைகளை நடுவில் வைத்துப் பேசுவார்கள். "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்பாள் இவள். "இப்பப் பசிக்கலன்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்பான் அவன். பிள்ளை இரண்டு பேரையும் பார்த்து முழிக்கும். எங்கள் வீட்டில் அதற்கும் ஆளில்லை. அதனால் நான் நடுத்தூணைப் பார்த்துப் பேசினேன். "சோறு ஆறுது" என்று தூணிடம் சொல்வேன். அவர் வந்து உட்காருவார். "ரசம் இன்னும் கொஞ்சம் இருந்தா ஆகும்" என்று அவர் கூரையிடம் சொல்வார். நான் ஊற்றுவேன். ஐந்து மாதம் இப்படியே போயிற்று.

வேலைக் காட்டில் மட்டும் ஒரு வழக்கத்தை விடவில்லை. நாங்கள் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நிரையில், அதாவது மர வரிசையில், ரப்பர்ப் பால் வெட்டினோம். விடியற்காலைப் பனியில் பத்து மரத்துக்கு அந்தப் பக்கம் ஆள் தெரியாது. அப்போதெல்லாம் ஜொகூர்க் காட்டில் புலி நடமாட்டம் உண்டு. ஆகவே பக்கத்து நிரைக்காரர்கள் அவ்வப்போது ஒருவரை ஒருவர் கூப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்கள். முன்பெல்லாம் அவர் "ஓய்" என்பார், நான் "இங்கதான்" என்பேன். பேச்சு நின்றபின் அவர் வெட்டுக்கத்தியால் பால்வாளியை இரண்டு தட்டுத் தட்டினார். நான் பதிலுக்கு ஒரு தட்டுத் தட்டினேன். கோபம் கோபமாக இருக்கட்டும், புலி வாயில் போகட்டும் என்று விட்டுவிட முடியுமா.

மார்கழியில் அண்ணனிடமிருந்து கடிதாசி வந்தது. யாரோ எங்கள் வீட்டு நிலவரத்தை அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். மாசி பிறந்ததும் வந்து என்னை அழைத்துப்போவதாக எழுதியிருந்தான். கடிதாசியை எனக்குப் படித்துக் காட்டியவரே என் வீட்டுக்காரர்தான், எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது. கடைசி வரி வரைக்கும் ஒரே குரலில் படித்தார். மடித்துத் தூண் இடுக்கில் செருகினார். நான் தூணிடம், "வரட்டும், போறேன்" என்றேன்.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அவர் கத்தி தீட்டிக்கொண்டே சுவரைப் பார்த்துச் சொன்னார்: "நாளைக்கு ஆத்தோரம் போறேன். மலாய்க்கார கம்பத்துல கிளி விக்கிறாங்களாம். வர்றவங்க வரலாம்."

கிளியா? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கிக்கொண்டேன். பெண்டாட்டி இன்னும் ஒரு மாதத்தில் பெட்டியைத் தூக்கப்போகிறாள், இந்த மனுஷன் கிளி வாங்கப் போகிறார். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் மறுநாள் காலையில் நான் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு நின்றேன். ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அவர் பத்தடி முன்னால் நடந்தார், நான் பின்னால் நடந்தேன். பாதை முழுக்கச் சிவப்பு இலை. எங்கள் காலடியில் அது நொறுங்கிக்கொண்டே வந்தது. மேலே மொட்டைக் கிளைகள், அவற்றுக்கு நடுவில் வெளுத்த வானம். தோட்டத்துக்குள் அவ்வளவு வெளிச்சம் வருஷத்தில் அந்தச் சில நாட்கள்தான் வரும். ரப்பர்க் காய்கள் எங்கோ வெடித்து விதைகள் இலைமேல் விழுந்தன. ஸ்கூடாய் ஆற்றில் ஒரு சம்பான் படகில் ஏறினோம். கடல் வற்றத்தில் ஆறு இறங்கியிருந்தது. இரண்டு கரையிலும் நீப்பாப் பனை மட்டைகள் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நின்றன. துடுப்புப் போட்டவர் பாதித் தூக்கத்தில் இருந்தார். படகு நகர்கிறதா, கரை நகர்கிறதா என்று தெரியாத மாதிரி போயிற்று. நான் தண்ணீரில் விரலை விட்டுக்கொண்டு வந்தேன். அவர் என் கையைப் பார்த்தார், பிறகு ஆற்றைப் பார்த்தார்.

போகும்போது எனக்கு ஒன்று தோன்றியது. என் புருஷனை எனக்கு அண்ணன் தேர்ந்தெடுத்தான். கூலி வீடுகளின் வரிசையான லயத்தில் எங்களுக்கு எந்த வீடு என்று கங்காணி சொன்னார். எந்த நிரையில் வெட்டுவது என்று தோட்டக் கணக்கர், கிராணி, எழுதிக் கொடுத்தார். எங்கள் பானை, சட்டி எல்லாம் கல்யாணத்துக்கு வந்தவை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போய், இது வேண்டும், அது வேண்டாம் என்று எதையும் எடுத்ததே இல்லை. பிரியப்போகிற நேரத்தில் முதல்முறையாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் போய்க்கொண்டிருந்தோம்.

கம்பம் என்ற அந்த மலாய்க் கிராமத்தில், கிளி விற்கிற வீடு கால் நட்டு உயரத்தில் நின்றது. கூரை விளிம்பு நெடுகக் கூண்டுகள் தொங்கின. வீட்டுக்கார மலாய் அம்மாவை எல்லோரும் மக்சிக் என்றார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். முதல் கூண்டில் ஒரு பெரிய கிளி இருந்தது. பாயான் என்றாள். பச்சை உடம்பு, சிவந்த கன்னம், நீள வால். நாங்கள் படியேறும்போதே அது எங்களைச் சாய்ந்து பார்த்து, தெளிவாக, "சூடா மாக்கான்?" என்று கேட்டது. சாப்பிட்டாச்சா என்று.

என் வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் பல். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். "சூடா, சூடா", ஆச்சு ஆச்சு என்று, கிளிக்குப் பதில் சொன்னார். அது மறுபடியும் கேட்டது. அவர் மறுபடியும் சொன்னார். சின்னப்பிள்ளை தோற்றது போங்கள். மக்சிக்கிடம், இதுதான் வேண்டும், இதையே கொடு என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கிளி வீட்டுக்கு வந்தால் என்ன ஆகும்? தினமும் அவர் காட்டிலிருந்து வந்ததும், சாப்பிட்டாச்சா என்று அது கேட்கும். நான் ஐந்து மாதமாகக் கேட்காததை ஒரு கிளி கேட்கும். அவரும் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். நான் போன பிறகும் அது கேட்டுக்கொண்டே இருக்கும். நான் இல்லாத குறை ஒன்றும் அந்த வீட்டில் தெரியாது.

நான் மக்சிக்கைத் தொட்டு அவர் பக்கம் காட்டினேன். "சாக்காப் சாமா டியா" என்றேன். அவரிடம் சொல் என்று. எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், எங்கள் வீட்டுக்கு இந்தக் கிளி வேண்டாம், வாயாடி என்று அடுக்கினேன். மக்சிக் என்னைப் பார்த்தாள். கைக்கெட்டும் தூரத்தில் நின்ற அவரைப் பார்த்தாள். சரி, ஏதோ தமிழர் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ, நான் சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னாள்.

அவர் மக்சிக்கிடம் சொன்னார்: பேசாத கிளியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று என் பெண்டாட்டியிடம் கேள்.

நான் அவளிடம் சொன்னேன்: வீட்டில் பேசத் தெரிந்த ஆள் இருந்தும் பேசாமல்தானே இருக்கிறார், கிளி பேசி என்ன ஆகப்போகிறது என்று கேள்.

மக்சிக்குக்கு விளங்கிவிட்டது. தலையை ஆட்டி, "அலமாக்", அட கடவுளே என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். இரண்டு பேருக்கும் தட்டில் வெற்றிலை வைத்து உட்காரச் சொன்னாள். பிறகு உள்ளே போய் மூங்கிலில் பின்னிய ஒரு சின்ன உருண்டைக் கூண்டைக் கொண்டுவந்தாள்.

அதற்குள் நடுவிரலைவிடக் கொஞ்சம் நீளமான ஒரு பச்சைப் பொருள் கூண்டின் உச்சியிலிருந்து தலைகீழாகத் தொங்கியது. இலை என்று நினைத்தேன். பிறகு அது பறவை என்று தெரிந்ததும் செத்துவிட்டது என்று நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்தார், நாக்கால் 'த்சொ' கொட்டினார். மக்சிக் சிரித்தாள். சாகவில்லை, தூங்குகிறது என்றாள். செரிண்டிட் என்று அதன் பெயரைச் சொன்னாள். கிளியில் ஒரு ஜாதியாம். இரவோ பகலோ, தூக்கம் வந்தால் தலைகீழாகத் தொங்கித்தான் தூங்குமாம். பேசுமா என்று கேட்டார் அவர். பேசாது, கொஞ்சம் பாடும் என்றாள்.

அவள் கூண்டுக்குள் கை விட்டுப் பூப்பறிப்பது போல அதை எடுத்தாள். கேட்காமலே என் உள்ளங்கையில் வைத்தாள். உச்சந்தலையில் ஒரு நீலப் பொட்டு, கழுத்தில் கொஞ்சம் சிவப்பு. எடையே இல்லை. ஆனால் அவ்வளவு சூடு. நெஞ்சு என் விரல்மேல் அடித்துக்கொண்டது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

என் பிள்ளையை என் கையில் யாரும் வைக்கவில்லை. அதுதான் அப்போது ஞாபகம் வந்தது. வேறு எதுவும் வரவில்லை. நான் விரல்களை மெதுவாக மூடிக்கொண்டேன். திருப்பிக் கொடுக்கத் தோன்றவில்லை. மக்சிக் கையை நீட்டியபோது நான் தலையை ஆட்டினேன்.

அவர் என் மூடிய கையை வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பெரிய கிளி பின்னால் இரண்டு தரம் சாப்பிட்டாச்சா என்று கேட்டது. அவர் திரும்பவில்லை. "அப்ப அதுவே இருக்கட்டும்" என்று தமிழிலேயே மக்சிக்கிடம் சொன்னார். அவளுக்கும் அது புரிந்தது. விலை என்ன சொன்னாள், எவ்வளவு கொடுத்தோம், எதுவும் எனக்கு நினைவில்லை. படகில் கூண்டு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. கடல் ஏற்றம் ஆற்றுக்குள் வரத் தொடங்கியிருந்தது. ஆறு எங்களை வீட்டுப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பக்கத்து வீட்டு அக்கா கிளி பார்க்க வந்தாள். அது தலைகீழாகப் போய்த் தொங்கியதும் இரண்டடி பின்வாங்கினாள்.

"என்னாடி இது, வௌவாலு மாதிரி. வீட்டுல தலைகீழாத் தொங்குறது ஆகாதுடி. காலையில மொத வேலையா தொறந்து விட்டுரு" என்றாள்.

அவள் போனபிறகு அவர் கூண்டுக்குக் கிட்டே போய் நின்றார். "கிளி, நீ எப்படி வேணாத் தூங்கு. இங்க எல்லாம் ஏற்கனவே தலைகீழாத்தான் இருக்கு" என்றார்.

எனக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "கிளி, யாரு தலைகீழாக்குனாங்கன்னு கேட்டுச் சொல்லு" என்றேன்.

அன்றோடு தூணுக்கு ஓய்வு கிடைத்தது. தூணிடம் நாலு வார்த்தைக்குமேல் பேச முடியாது, வாய் வலிக்கும். கிளியிடம் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். நாங்களும் பேசினோம்.

"கிளி, கொழம்புல உப்பு கூடிப்போச்சுன்னு சொல்லு."

"கிளி, அப்படின்னா நாளைக்கு அவங்களையே ஆக்கச் சொல்லு."

"கிளி, நான் ஆக்குனா அப்பறம் நீதான் சாப்பிடணும்."

வாழைப்பழத்தை மசித்துக் கொடுத்தால் அது மூக்கெல்லாம் பூசிக்கொள்ளும். கூண்டுக் கம்பியில் அலகால் ஒரு பிடி, காலால் ஒரு பிடியென்று ஏறும். கூண்டைத் திறந்து விட்டால் நேரே அவர் தோளுக்குப் போய்க் காது மடலைக் கொறிக்கும். நான் கை நீட்டினால் கடித்துவிடும். நன்றி கெட்டது. மக்சிக் கை நீட்டியும் உன்னை விடமாட்டேன் என்று கையை மூடிக்கொண்டவள் நான், அது போய் உட்கார்ந்தது அவர் தோளில். ஒரு தரம் கடிபட்டு நான் விரலை உதறியபோது அவர் எழுந்தே வந்துவிட்டார். "கிளி, அவங்களைக் கடிக்காத. எங்கிட்ட கோபம்னா என்னைக் கடி" என்றார். கிளியிடம்தான் சொன்னார். ஆனால் அந்த ராத்திரி முழுவதும் அந்த வார்த்தை என் காதிலேயே இருந்தது.

மரங்கள் தளிர்விட்டன. முதலில் செம்பழுப்பு, பிறகு வெளிர்பச்சை. தோட்டத்துக்குள் வெளிச்சம் மெல்ல மெல்லக் குறைந்தது. மாசி பிறந்தது. நாளைக்கு வருகிறேன் என்று அண்ணன் ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டான்.

அன்று மத்தியானம் வானம் கறுத்து மழை பிடித்துக்கொண்டது. நான் டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்துப் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தேன். அவர் கதவோரம் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தகரக் கூரையில் மழை பேய்ச்சத்தம் போட்டது. வீட்டுக்குள் அரை இருட்டு. கிளி கூண்டுக் கம்பியில் இப்படியும் அப்படியும் நடந்துகொண்டிருந்தது.

"கிளி, உன்னையும் அவங்களோட கூட்டிட்டுப் போகச் சொல்லு. அவங்க எடுத்த கிளி நீ" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. "கிளி, ஒருத்தர் எடுத்தது இல்ல, ரெண்டு பேரும் போய் எடுத்ததுன்னு சொல்லு. நீ இங்கயே இரு. கடிக்கிற கிளி எனக்கு வேணாம்."

மடித்த புடவையை மறுபடி பிரித்து மறுபடி மடித்தேன். நாளைக்கு இந்நேரம் இந்த வீட்டில் நான் இருக்கமாட்டேன். கேட்காமல் போனால் சாகும்வரை கேட்கமாட்டேன் என்று தெரிந்தது. கூண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"கிளி, நான் போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுச் சொல்லு. பிள்ளை முகம் எப்படி இருந்துச்சு?"

மழைதான் பெய்தது. அவர் தலையைத் தூக்கிக் கூண்டைப் பார்த்தார். மழை இருட்டை அந்தி என்று நினைத்து அது உச்சிக் கம்பியில் தொங்கிக் கண்ணை மூடியிருந்தது.

"கிளி தூங்கிடுச்சு" என்றார்.

"தூங்கட்டும்" என்றேன். "நீங்க சொல்லுங்க."

ஐந்து மாதம் கழித்து, ஆறாவது மாதத்தில், அவர் முகத்தைப் பார்த்து நான் சொன்ன முதல் வார்த்தை அது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நான் பாக்கல புள்ள" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"துணியைப் பிரிச்சுப் பாக்கக் கை வரல. உன் பழைய பொடவையில சுத்திக் குடுத்தாங்க. அப்படியே நெஞ்சோட அணைச்சுக்கிட்டுப் போனேன். ஓடையைத் தாண்டும்போது பாத்துரலாம்னு நெனச்சேன். முடியல. மண்ணு போடுறதுக்கு முன்னாடி பாத்துரலாம்னு நெனச்சேன். அப்பவும் முடியல. திரும்பி வந்தா நீ கேக்குற, முகம் எப்படி இருந்துச்சுன்னு. பெத்த பிள்ளையைப் பாக்கப் பயந்தவன்னு உங்கிட்ட எப்படிச் சொல்லுவேன்? ஏதாச்சும் பொய் சொல்லியிருக்கலாம். உன் மூக்கு, என் நெத்தின்னு. அதுவும் வாயில வரல."

இவ்வளவு நாளும் அவர் எதையோ பூட்டி வைத்திருக்கிறார் என்று நான் அந்தப் பூட்டைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை. என்னைப் போலவே அவரும் வெறுங்கையோடுதான் இருந்திருக்கிறார். ஒரே வீட்டில், ஒரே சோற்றைத் தின்றுகொண்டு.

"ஒண்ணு மட்டும் பாத்தேன்" என்றார். "குனிஞ்சு கீழ வைக்கும்போது துணி வெலகி ஒரு காலு வெளிய வந்துச்சு. இத்தனூண்டு. நான்தான் அதைத் திரும்ப உள்ள வச்சு மூடுனேன். ரெண்டாவது வெரலு நீளமா இருந்துச்சு. உன் காலு மாதிரியே."

சொல்லிவிட்டு மழையைப் பார்த்தார்.

"இருந்திருந்தா உன்னை மாதிரிதான் வந்திருப்பா. கோபக்காரியா" என்றார்.

நான் அழுதேன். பிள்ளை போனபோது வராத அழுகையெல்லாம் அன்று வந்தது. அவர் எழுந்து வந்து என் பக்கத்தில், திறந்திருந்த டிரங்குப் பெட்டியின் அந்தப் பக்கம் உட்கார்ந்தார். அழுதுகொண்டே நான் சிரித்ததாகவும் ஞாபகம். என் காலையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். அந்த விரலை ஊரே குறை சொல்லியிருக்கிறது. நானே எத்தனையோ நாள் புடவைக் கரைக்குள் இழுத்து மறைத்திருக்கிறேன். அன்றிலிருந்து மறைத்ததில்லை.

மழை விட்டதும் கிளி நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு தரம் கீச்சிட்டது. நடந்தது எதுவும் அதற்குத் தெரியாது. நான் பழம் மசித்துக் கொடுத்தேன். அப்போதும் கடித்தது.

மறுநாள் விடியலில் காலை ஆள்கணக்குக்கு, பெரட்டுக்கு, மணி அடித்ததும் நான் வாளியையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். அண்ணன் எட்டு மணிக்கு வந்தபோது வீடு பூட்டியிருந்ததாம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் தலைகீழாக என்னவோ தொங்குகிறது என்று பயந்துபோய்ப் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டிருக்கிறான். "அது அவங்க கிளிப்பா. அதுங்க மூணும் அப்படித்தான். வந்து டீத்தண்ணி குடி" என்று அவள் சொன்னாளாம்.

அந்த நேரத்தில் நான் நிரையில் இருந்தேன். பனி இன்னும் விலகவில்லை. புதுத் தளிரிலிருந்து நேற்றைய மழை சொட்டிக்கொண்டிருந்தது. பத்து மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து வாளியை இரண்டு தட்டுத் தட்டும் சத்தம் கேட்டது. நான் பதிலுக்குத் தட்டவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி இரண்டு தட்டு, இந்தத் தடவை அவசரமாக.

"இங்கதான் இருக்கேன்" என்று வாய் திறந்து சொன்னேன்.